கட்டிலடியில் ஒரு காய்ந்த கட்டை

தெருவில் யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும் வயர்மேனைத்தான் கூப்பிடுவார்கள். மின்சாரத்தையே விரல் நுனியில் ஆட்டிவைத்த அந்த மனிதருக்கு, இடது தோளுக்குக் கீழே தோலுக்குள் உட்கார்ந்திருந்த தீப்பெட்டி அளவுக் கருவி தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. இதயம் தறிகெட்டு ஓடினால் அது உள்ளிருந்தே ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும்.

அதைப் பொருத்திய டாக்டர் பொறுமையாக எல்லாம் சொன்னார். எந்தக் கையைத் தூக்கக்கூடாது, செல்போனை எந்தப் பையில் வைக்க வேண்டும். கடைசியில், “வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்றார். பக்கத்தில் கல்யாணமான மகள் நின்றிருந்தாள். வயர்மேனும் அவர் பெண்டாட்டியும் சொல்லிவைத்த மாதிரி இல்லையென்று தலையாட்டினார்கள்.

அங்கே பிடித்தது சனி. ஷாக் அடித்தவனைத் தொட்டவனும் சேர்ந்து போவான் என்பது வயர்மேனின் தொழில் புத்தி. கூட்டாளி ஒருவன் அப்படித்தான் போனான். பெண்டாட்டியைக் கட்டிப்பிடித்திருக்கும் நேரம் பார்த்துக் கருவி வேலை காட்டினால் அவள் கதி என்ன? இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். சுவரோடு ஒட்டிப் படுத்தார். கட்டிலுக்கு அடியில் கரண்ட் பாயாத ஒரு காய்ந்த கட்டையைப் போட்டுவைத்து, “எனக்கு ஏதாவது ஆனா தொடாத. இதால தள்ளு” என்றார்.

அவள் காதில் விழுந்தது ‘தொடாத’ மட்டும்.

அதன்பிறகு அவள் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். மாத்திரையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தாள். முகம் பார்த்துப் பேச்சில்லை. நடமாட இடமிருந்தும் அந்த வீட்டில் அவருக்கு மூச்சு முட்டியது. அவள் பக்கம் திரும்ப ஆசை வரும். வந்ததும் நெஞ்சு படபடக்கும். படபடத்ததும் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் சாயங்காலம் மெயினை அணைத்துவிட்டு, பல்பு ஹோல்டரைச் சரிசெய்ய ஸ்டூலில் ஏறினார். “சொன்னா கேக்குற ஆளா நீங்க?” என்று அலுத்துக்கொண்டே அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். திடீரென்று தலை சுற்றியது. நெஞ்சில் யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது.

“கையை எடு! கட்டைய எடு!” என்று அலறினார்.

அவள் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இறக்கினாள்.

“உனக்கு ஒண்ணும் ஆகலையா?”

“கையில லேசா சுர்ருன்னுச்சு. அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “பாவி மனுஷா! இதுக்காகவா தள்ளிப் படுத்தீங்க? என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நான் தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேனே!”

மகளை வரவழைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கருவியைச் சோதித்தார், மாத்திரையை மாற்றினார். “வேற ஏதாவது சந்தேகம்?” என்றார்.

வயர்மேன் பழக்கதோஷத்தில் தலையாட்டப் போனார்.

“இருக்கு டாக்டர்” என்றாள் அவள். மகள் பக்கம் திரும்பினாள். “நீ இருந்தா இரு, போனா போ. நான் கேக்கத்தான் போறேன்.”

வயர்மேனுக்கு வெட்கத்தில் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. அவள் அவர் கையை இறுகப் பிடித்திருந்தாள். கருவி பேசாமல் இருந்தது.