எதில் செய்கிறாய் என்று கேட்கும் மேசை

"அமுக்கிப் பாருங்கண்ணே" என்றார் சரவணன்.

லேப்டாப் திரையில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். ஒன்று என்றது. மறுபடியும் அமுக்கினேன். இரண்டு என்றது. மூன்று, நான்கு, ஐந்து... பதினேழு வரைக்கும் போனேன். நன்றாகத்தான் இருந்தது.

"அஞ்சு நாளா இதைத்தான் செஞ்சீங்களா?"

"இதை நான் செய்யலண்ணே. டூலை இன்ஸ்டால் பண்ணா இது அதுவா வருது. மாதிரிக்கு."

"அப்போ நீங்க செஞ்சது?"

சரவணன் தே தாரிக் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். இடம், சிங்கப்பூரில் பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் ஒரு காப்பிக்கடை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் அங்கே உட்கார இடம் கிடைக்காது. மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது ஆள் உள்ள மேசை. ஊருக்கே தெரிந்த சட்டம். எனக்கும் தெரியும். இருந்தாலும் ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள், கால் வலி தாங்காமல், அந்த பாக்கெட்டை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தட்டுகளோடு திரும்பி வந்த மூன்று பேரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. அவர்களுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் இருந்ததைக் கவனிக்கவே பத்து நிமிடம் ஆனது.

மூவரும் வெப்சைட் எழுதுகிற புரோகிராமர்கள். ஷர்மிளா இங்கேயே பிறந்தவர், வீடு சுவா சூ காங். ஒரு பெரிய நிறுவனத்தில் ஆங்குலர் எழுதுகிறார். ஹாஜா வீடு குவீன்ஸ்டவுன், தாத்தா காலத்தில் நாகூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். மாதத்துக்கு ஒரு புதிய டூலைக் கண்டுபிடித்து அதன் மேல் காதல் கொள்வார். இப்போதைய காதல் ஸ்வெல்ட். சரவணன் ஓமலூர்க்காரர். மனைவி, மகளோடு பொங்கோலில் வாடகை வீடு. அவர் ரியாக்ட்.

ஆங்குலர், ஸ்வெல்ட், ரியாக்ட்... இவையெல்லாம் ஃபிரேம்வொர்க்குகளாம்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருக்கிறேன், கப்பலுக்கு பெயின்ட் அடித்திருக்கிறேன், மூன்று நாட்டில் லாரி ஏறி இறங்கியிருக்கிறேன். தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டிருந்தால் ஒரு வேலையும் கிடைத்திருக்காது. அன்றைக்கே கேட்டேன் — ஃபிரேம்வொர்க் என்றால் என்ன?

"அண்ணே, இப்ப அடுக்குமாடி புளோக் கட்டுறாங்கல்ல, சுவரையெல்லாம் ஃபேக்டரியிலயே செஞ்சு லாரில கொண்டாந்து மாட்டுறாங்க. அது மாதிரி" என்றார் ஹாஜா. "கதவு எங்க, ஜன்னல் எங்கன்னு எவனோ யோசிச்சு வச்சுட்டான். நாம குடிபோக வேண்டியதுதான்."

"அப்படி இல்ல அங்கிள்" என்றார் ஷர்மிளா. "ரூல்ஸ் மாதிரி லா. டீம்ல முப்பது பேர் இருந்தா முப்பது பேரும் ஒரே மாதிரி எழுதணும். இல்லாட்டி மெஸ்." பேச்சுக்கு நடுவே 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம்.

"நாங்க கட்டுற சாரம் மாதிரியா?"

சரவணன்தான் சிரித்தார். "சாரத்தை வேலை முடிஞ்சதும் பிரிச்சிடுவீங்கல்லண்ணே? நாங்க பிரிக்கவே மாட்டோம். அதுலயே குடியிருப்போம்."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போகிறேன். பக்கத்து மேசைகளில் கால்பந்து ஓடும், லாட்டரி எண் ஓடும். இந்த மேசையில் இது. ஆங்குலரில் ஒரு ஹலோ சொல்வதற்கு மூன்று ஃபாரம் நிரப்ப வேண்டும் என்பார் ஹாஜா. ரியாக்ட்காரன் ஒரு நட்டு வாங்கப் போய் ஹார்ட்வேர் கடையையே தூக்கிக்கொண்டு வருவான் என்பார் ஷர்மிளா. ஸ்வெல்ட்டில் ஒரு சந்தேகம் வந்தால் உலகத்தில் கேட்பதற்கு நாலு பேர்தான், அதில் ஹாஜாவும் ஒருவன், அவனுக்கும் தெரியாது என்பார் சரவணன். பாதி புரியாது. ஆனால் ஒரு பொருளின் மேல் இத்தனை ஆசை வைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கவே எனக்குப் பிடிக்கும்.

ஒன்று கவனித்தேன். அந்த மேசைக்குப் புதிதாக ஒரு புரோகிராமர் வந்தால் முதல் கேள்வி — "எதுல பண்றீங்க?" என்ன பண்றீங்க என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, பொத்தானுக்கு வருகிறேன்.

சரவணனின் நிறுவனம் அவருடைய குழுவை மொத்தமாகக் கலைத்துவிட்டது. வேலை போனால், இங்கே தங்க அனுமதிக்கிற வேலை பாஸ் ரத்து. பாஸ் ரத்தானால் முப்பது நாள். அதற்குள் இன்னொரு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். அவர் மட்டுமல்ல; மனைவியும், இரண்டாம் வகுப்பில் படிக்கிற மகளும்.

எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. எனக்கு முப்பது நாள்கூட இல்லை, ஒன்பதாம் நாள் விமானத்தில் ஏற்றினார்கள். பெட்டியில் பாதி காலியாக இருந்தது. பத்து மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். தனி ஆள், போவதும் வருவதும் பெரிய விஷயமில்லை. பள்ளிக்கூடத்தில் சிநேகிதி வைத்திருக்கிற பிள்ளைக்கு அப்படியில்லை.

பொத்தானை அமுக்கிய அந்த ஞாயிறு பத்தொன்பதாம் நாள். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது. ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தார்கள் — வீட்டிலேயே உட்கார்ந்து செய்து, திங்கள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள்.

வேலை கைக்கு வந்தது செவ்வாய். அன்றே ரியாக்டில் தொடங்கியிருக்கிறார். புதன்கிழமை ஹாஜா போன் செய்து, "ரியாக்ட்ல பண்ணா நூறு பேரோட நீயும் ஒருத்தன் ப்ரோ, ஸ்வெல்ட்ல பண்ணு, திரும்பிப் பாப்பாங்க" என்றிருக்கிறார். வியாழன் ஷர்மிளா, "பெரிய கம்பெனி லா, அவங்களுக்கு ஆங்குலர்தான் சரி" என்றிருக்கிறார். வெள்ளி, இரண்டுக்கும் நடுவில் வேறொன்று. சனி, ஒரு டூலைப் புதுப்பிக்கப் போய் இன்னொரு டூல் படுத்துவிட்டது. ஞாயிறு — அமுக்கினால் எண்ணுகிற பொத்தான்.

மேசையில் மூவரும் மறுபடி ஆரம்பித்தார்கள். ஆங்குலருக்கே திரும்பிவிடலாமா? ரியாக்டைத் தூசு தட்டலாமா? எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த கம்பெனி உங்ககிட்ட என்னதான் கேட்டாங்க?"

"ஒரு கிளினிக் க்யூண்ணே."

"அப்படின்னா?"

"க்யூ... நம்பர் குடுக்கிறது. ஈமெயில்ல இருக்கு."

"எனக்குப் படிக்க வராதே. அவங்க இங்கிலீஷ் எனக்கு ரொம்பப் பெரிசு."

"இருங்க அங்கிள், நான் சொல்றேன்" என்று ஷர்மிளா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பள்ளியில் தமிழ் படித்தவர்தான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று யோசித்தார். "ஒரு சின்ன கிளினிக். நோயாளி தன் பேரை டைப் பண்ணா நம்பர் வரணும். கவுன்டர்ல இருக்கிறவங்க ஒரு பட்டனை அமுக்கினா அடுத்த நம்பர் வரணும். காத்திருக்கிறவங்களுக்கு, முன்னாடி எத்தனை பேர்னு தெரியணும். அப்புறம்... கடைசியா..."

முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார்.

"அலமாக்" என்றார். 'ஐயையோ' என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"என்ன?" என்றார் ஹாஜா.

"ஃபிரேம்வொர்க் எதுவும் யூஸ் பண்ணக் கூடாது. பிரவுசர்ல இருக்கிறது மட்டும். அப்படின்னு போட்டிருக்கு."

நான் மூன்று முகங்களையும் பார்த்தேன். சரவணன் எழுந்து வந்து, குனிந்து, அந்த வரியைத் தானே படித்தார். இன்னொரு முறை படித்தார். உதடு அசைந்தது.

"நீ படிக்கவே இல்லையா?" ஷர்மிளாவின் குரலில் கோபம்.

"மேல க்யூன்னு பாத்தேன். க்யூ தெரியாதான்னு நேரா ஃபோல்டரை ஓப்பன் பண்ணிட்டேன்."

"நீங்களும்தான் கேக்கல" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஹாஜாவே சொல்லிவிட்டார். "நாமளும் கேக்கல, ஷர்மி. அஞ்சு நாளா போன்ல பேசுறோம். எதுல, எதுல, எதுல..."

மணி பத்தரை. அடுத்த நாள் மதியம் வரை நேரம்.

சரவணன் ஐந்து ஃபோல்டர்களையும் மூடினார். வெறும் திரை. அதில் எழுத ஆரம்பித்தார். முதல் அரைமணி நேரம் கை வேகமாக ஓடியது. பிறகு நின்றது.

"நம்பர் உள்ள மாறுது. ஸ்க்ரீன்ல மாறல" என்றார், யாரிடமும் இல்லாமல்.

எனக்குப் புரியும்படி ஹாஜா விளக்கினார். உள்ளே கணக்கு மாறினால் திரையில் அதுவே மாறுவது ஃபிரேம்வொர்க்கின் வேலை. அது இல்லாதபோது, 'இந்த இடத்தை இப்படி மாற்று' என்று ஒவ்வொன்றாக நாமே சொல்ல வேண்டும்.

"பத்து வருஷமா நான் சொன்னதே இல்லண்ணே" என்றார் சரவணன். "அதுவே சொல்லிக்கிச்சு."

ஷர்மிளாவுக்கு விடை தெரியும் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் சொந்தமாகச் செய்தது என்று சரவணன் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். ஷர்மிளா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். ஹாஜா மூன்று முறை எழுந்து போய் மூன்று முறை பால் சேர்க்காத தே ஓ வாங்கி வந்தார். யாரும் கேட்கவில்லை. அங்கே நின்றால் வாய் திறந்துவிடும் என்று பயம்.

ஆறு மாதத்தில் அந்த மேசை அமைதியாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து சரவணன், "ஆங்" என்றார். அவ்வளவுதான். மறுபடி கை ஓடியது.

இரண்டு மணிக்கு ஒரு பக்கம் தயாரானது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வெள்ளைத் திரை, ஒரு கட்டம், ஒரு பொத்தான், கீழே பெயர்கள். அவருக்கே கூச்சம். "எங்க ஊர்ல ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குண்ணே" என்றார். என் போனில் திறந்து காட்டினார். அது கீழே விழுந்து மூலை உடைந்த பழைய போன். என் பெயரை அடித்து அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அமுக்கினேன். இன்னொரு முறை.

எண் 1, எண் 2, எண் 3. மூன்றும் என் பெயரில்.

"ஏன்ணே மூணு தடவை அமுக்கினீங்க?"

"வரலையே. கிளினிக்ல நான் இப்படித்தான் அமுக்குவேன்."

ஹாஜா விழுந்து விழுந்து சிரித்தார். சரவணன் சிரிக்கவில்லை. ஒருமுறை அமுக்கியதும் பொத்தான் மங்கி, 'எண் வருகிறது' என்று சொல்லும்படி மாற்றினார். எழுதியது என்னவோ நாலைந்து வரி. திங்கள் காலை பதினொன்றுக்கு அனுப்பினார்.

வியாழன் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம், வரி வரியாகக் கேட்டார்களாம். இது ஏன், அது ஏன். எல்லா வரியும் தானே எழுதியது என்பதால் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பொத்தான் ஏன் மங்குகிறது என்று கேட்டதற்கு, "ஒரு அண்ணன் மூணு நம்பர் எடுத்துட்டார்" என்று சொல்லியிருக்கிறார். எதிரில் இருந்தவர் சிரித்தாராம்.

இருபத்தேழாம் நாள் வேலை உறுதியானது. புதிய பாஸும் நல்லபடியாக வந்தது. மகளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அப்பா கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார், தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போனார், ஜாலியாக இருந்தது — அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தேன். நானும் இதே தப்பைச் செய்தவன்தானே? போகிற வேலை என்ன என்று கேட்காமல், எந்த நாடு, எந்த ஏஜென்ட் என்று மட்டும் கேட்டு விமானம் ஏறியிருக்கிறேன். ஒன்றல்ல, இரண்டு முறை. இறங்கிய பிறகுதான் வேலை என்னவென்று தெரிந்தது. கருவியைப் பேசும்போது வருகிற குஷி, காரியத்தைப் பேசும்போது ஏன் வருவதில்லை? காரியத்தைப் பேசினால் உடனே செய்ய வேண்டியிருக்கும்... அதனாலா? தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

போன திங்கள் சரவணனுக்குப் புது அலுவலகத்தில் முதல் நாள். மதிய உணவு நேரத்தில் போன் செய்தார்.

"அண்ணே, இங்க எல்லாமே ஒரு ஃபிரேம்வொர்க்லதான் ஓடுது."

"எது? ரியாக்டா?"

"பேரே கிடையாது. வெளியில எங்கயும் இல்ல. இங்க வேலை பாத்த ஒருத்தர் அவரா எழுதினது."

"அவர்கிட்டயே கேட்டுக் கத்துக்க வேண்டியதுதானே?"

"அவர் வேலையை விட்டுப் போய் நாலு வருஷமாச்சாம்."

ஹாஜாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அதைவிட நல்லதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்று கிளம்பிவிடுவார்.