இருபத்து மூணு சாக்கு சாட்சியம்

அடுக்குற வேலைக்கு ஆள் எடுக்கையில யாரும் புத்தி இருக்கான்னு கேக்குறதில்ல, இடுப்பு நல்லாருக்கான்னுதான் கேப்பாக.

நான் சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல பைண்டிங் மேஸ்திரி. காலண்டர் சீசன் முடிஞ்சா வைகாசி வரைக்கும் ஈ ஓட்டுறதுதான் சோலி. அப்படி ஒரு கோடையில எங்க ஊர் வக்கீல் ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு விட்டாரு. தகவல் உரிமைச் சட்டம் வந்த புதுசு. நாலு வருசத்துக்கு முந்தி எங்க பக்கத்துல போலிச் சான்றிதழ் அடிச்ச கேஸ் ஒண்ணு ஊரையே உலுக்குச்சு. பி.ஏ., பி.எட்., எது கேட்டாலும் சுடச்சுட அடிச்சுக் கொடுத்திருக்கானுக. கேஸ் முடிஞ்சதும் வக்கீல் மனு மேல மனு போட்டு, விசாரணைக் காகிதம் அம்புட்டுக்கும் நகல் வாங்கிட்டாரு. யார் வேணா வந்து பாக்கலாம்னு தன் ஆபீஸ் மாடிய ஒதுக்கிட்டாரு. பிரிச்சு அடுக்கிக் கொடுக்குறது என் பொறுப்பு.

உங்க வீட்டு பீரோ மேலயும் ஒரு மஞ்சப்பை கிடக்கும். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கரண்ட் பில்லு, என்னைக்கோ வாங்குன மிக்ஸி வாரண்டின்னு. ஒரு நாள் அதக் கொட்டி ஒழுங்குபடுத்தலாம்னு உக்காந்து, தும்மிக்கிட்டே திரும்ப உள்ள திணிச்சிருப்பீக. நீங்க பட்டது ஒரு பை. நான் பட்டது இருபத்து மூணு சாக்கு.

என்ன லோடு?

சாக்குகள விருதுநகர்ல இருந்து லோடு ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்தோம். வழியில ஒரு போலீஸ்காரர் கைய நீட்டி நிறுத்திட்டாரு. எங்க ஊர்ப் பக்கம் மூட்டை கட்டிப் போற வண்டி எதுவும் சும்மா போக முடியாது. "என்னய்யா லோடு?"ன்னாரு. "பேப்பர் சார்"னேன். ஒரு சாக்கக் குத்திப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. வாயப் பிரிச்சு மேல இருந்த தாள எடுத்தாரு. அது அவரு டிப்பார்ட்மெண்டு ஆளுக எழுதுன விசாரணைக் குறிப்பு. அதயே ரெண்டு நிமிசம் நின்னு படிச்சாரு.

அப்புறமும் அவருக்குச் சந்தேகம் தீரல. "இங்கன பிடிபட்ட எல்லா வண்டியிலயும் மேலாப்புல பேப்பர்தான்யா இருந்துச்சு. அடியில வெடிய எங்க வச்சிருக்க, அதச் சொல்லு!"

சந்தேகப்படாத கம்பெனி

மாடிக்கு மொதல்ல வந்தவரு ஒரு பிரஸ் முதலாளி. வெள்ளை வேட்டி, கையில மோதிரம். வாசல்ல நின்னுக்கிட்டே, "நம்ம கம்பெனியப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு"ன்னாரு. நான் பயந்துக்கிட்டே தேடுனேன். விசாரிச்ச அச்சாபீஸ்னு எழுபது எண்பது பேரு இருக்கு. இவரு பேரு இல்ல. நல்ல சேதிதானேன்னு சிரிச்ச முகமாச் சொன்னேன்.

மனுசன் முகம் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி ஆயிருச்சு. எதுத்த தெரு பிரஸ்காரரு பேரு இருக்கான்னு கேட்டாரு. நாலு பக்கம் இருந்துச்சு. விரல் எச்சியத் தொட்டுத் தொட்டு நாலு பக்கத்தையும் எண்ணிப் பாத்துட்டுச் செருப்ப மாட்டுனாரு. "அவன் தாத்தா காலத்து மெஷின வச்சுக்கிட்டு நாலு பக்கம் வாங்கிருக்கான். நான் ஃபோர் கலர் மெஷின் வச்சிருக்கேன், என்னையச் சந்தேகப்படக் கூட இந்த ஊர்ல ஆளில்லியா?"

மூணாஞ் சாக்கு

மல்லாங்கிணறுல இருந்து ஒரு பெரியவர் தினம் காலை பஸ்ஸுல வருவாரு. கேஸுக்கும் அவருக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. மழை பேயல, காட்டுல வேலையில்ல, வந்துட்டாரு. தூக்குவாளியில மோர் கொண்டுவந்து, தொடர்கதை படிக்கிற மாதிரி ஒவ்வொரு வாக்குமூலமா ஊன்றிப் படிப்பாரு. சாயந்தரம் பஸ் டிக்கெட்ட மடிச்சு, விட்ட எடத்துல அடையாளம் வச்சுட்டுப் போவாரு.

கத்திரி வெயில், ஃபேனும் போட முடியாது. போட்டா, கேஸ்ல மாட்டுன எதிரி நம்பர் ஒண்ணும் எதிரி நம்பர் ஒன்பதும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஆயிருவாக. அந்தப் புழுக்கத்துல அவரு உக்காந்திருக்கிறதப் பாத்து எனக்கே பாவமா இருந்துச்சு. "ஏன் பெரியவரே இம்புட்டுப் பாடு? யாருக்கு என்ன தண்டனைன்னு அப்பவே பேப்பர்ல வந்துச்சே, நான் சொல்லவா?"ன்னேன். ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. "சொல்லிராதீக, புண்ணியமாப் போகும்! நான் இப்பத்தான் மூணாஞ் சாக்குக்கே வந்திருக்கேன்."

கருப்பு மை

வெளிய விடுறதுக்கு முந்தி, வாக்குமூலத்துல இருக்கிற பேரையெல்லாம் நகல் கொடுத்த சர்க்கார் ஆபீஸ்ல கருப்பு மையால அடிச்சிருந்தாக. வந்தவுக எல்லாம் தாள ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பிடிச்சுப் பாப்பாக. ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு பக்கத்துல பேர அடிச்சுட்டு, 'பச்சைப் பெயிண்ட் அடித்த மாடி வீடு, வாசலில் இரண்டு வேப்பமரம், லாரி வைத்திருக்கும் மைத்துனர்' அம்புட்டையும் அப்படியே விட்டிருந்தாக. இந்த அழகுல, ஆள்பேர் வரிசையாப் போட்ட பட்டியல்கள்ல மை அடிக்க மறந்தே போனாக. அந்தப் பட்டியல்தான் பின்னாடி என் கழுத்தப் பிடிச்சது.

தீப்பெட்டி லேபிள் அடிக்கிற ஒருத்தர் அந்தப் பச்சை வீட்டுப் பக்கத்தப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "பேரத்தானப்பா மறைச்சிருக்காக, ஆள அப்படியே நடுத்தெருவுல நிக்க வச்சுட்டாகளே!"

கல்யாண ஆல்பம்

இப்ப என் வண்டவாளத்துக்கு வரேன். பைண்டிங்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. கையில தாள் கெடச்சா தட்டுவான், அடுக்குவான், ஓரம் பிசிறா இருந்தா கட்டிங் மெஷினுக்குக் கொண்டுபோயிருவான். படிக்கிறது எங்க வேலையில்ல. பட்டியல் கட்டு ஒண்ணு சேந்திருந்துச்சு. ஒரு தாள் நீளம், ஒரு தாள் கட்டை, பாக்கவே கண்ணு கூசுச்சு. வக்கீல் மதுரைக் கோர்ட்டுக்குப் போயிருந்த அன்னைக்கு, அவரு வந்து அசந்து போகட்டும்னு, கட்ட எங்க பிரஸ்ஸுக்குத் தூக்கிட்டுப் போயி நாலு பக்கமும் ஒரே வெட்டு. தலைப்பக்கம் மட்டும் முக்கால் இஞ்ச் போச்சு. காலிகோ துணியில முதுகு ஒட்டி, வெயிட் வச்சுக் காயப்போட்டு, அட்டையும் போட்டேன்.

அடுத்த நாளே பத்திரிகைக்குச் சேதி அனுப்புற உள்ளூர்ப் பையன் ஒருத்தன் வந்தான். வேற எதையும் தொடல, என் பைண்டிங்கத்தான் எடுத்தான். சர்ருன்னு புரட்டி, வரிசையாப் பேர எழுதிக்கிட்டான். "மேஸ்திரி, கல்யாண ஆல்பம் மாதிரியில்ல இருக்கு! இத விட்டுட்டு அந்தச் சாக்க எவன் பிரிப்பான்?"

ஏழாம் நம்பர்

நாலு நாள் கழிச்சு மெகருன்னிசா டீச்சர் வந்தாக. விருதுநகர்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு எடுக்குறவுக. கையில பேப்பர் கட்டிங். 'போலிச் சான்றிதழ் வழக்கில் அடிபட்ட பெயர்கள்'னு போட்டு, ஏழாவதா அவுக பேரு. பாத்த அன்னைக்கே தாளாளர் வேலைக்கு வர வேணாம்னுட்டாரு. ஒரிஜினல் சர்டிபிகேட்டக் கொண்டுபோயிக் காட்டினா, போலின்னாலே ஒரிஜினல் மாதிரிதானம்மா இருக்கும்னாராம். சனிக்கிழமை கமிட்டி கூடுது. அதுக்குள்ள நிரூபிக்கலேன்னா, பள்ளிக்கூடம் திறக்கையில அவுக எடத்துல வேற ஆளு. வீட்டுக்காரருக்கு முடியாம ஆனதுல இருந்து அந்த ஒரு சம்பளத்துலதான் குடும்பமே ஓடுது.

இத்தனைக்கும் கேஸுக்குப் பிள்ளையார் சுழி போட்டதே இவுகதான். முந்தி வேலை பாத்த பள்ளிக்கூடத்துல ஒருத்தன் கொண்டுவந்த சான்றிதழத் தொட்டதும், வேர்வையில முத்திரை மை விரல்ல ஒட்டிருச்சு. அதப் போலீஸ்ல போயிச் சொல்லி, சாட்சியும் கொடுத்திருக்காக.

அப்பச் சாட்சிப் பட்டியல்லதானே பேரு இருக்கும்னு கட்டப் புரட்டுனேன். ஏழாம் நம்பர்ல இருந்துச்சு. மேல பாத்தேன். தலைப்பு இல்ல. எதிரிகள் பட்டியல், சந்தேகத்துக்கு ஆளானவுக பட்டியல், சாட்சிப் பட்டியல் மூணும் ஒரே மாதிரி நம்பர், பேரு, வயசு, ஊரு. தலைப்பும் பக்க நம்பரும் நான் வெட்டுன முக்கால் இஞ்சோட போயிருச்சு. அந்தப் பையன் மூணையும் ஒண்ணாச் சேத்து எழுதிட்டான். வாக்குமூலத்தப் பாக்கலாம்னா பேரு மேல கருப்பு மை. வக்கீல் தலையில கைய வச்சுக்கிட்டு, புதுசா நகல் கேட்டா முப்பது நாள் ஆகுமேன்னாரு. இருபது வருசத்துல ஒரு தாளக் கூடக் கோணலா வெட்டாதவன், ஒரு பொம்பளை சோத்துல கத்திய வச்சுட்டேன். டீச்சர் என்னையத் திட்டல. திட்டியிருந்தாத் தேவலன்னு இருந்துச்சு.

"அண்ணே, எம் பேரு இருக்கிற தாள ஊரே பாத்துருச்சு. எதுக்கு இருக்குங்கிற தாளத்தான் யாரும் பாக்கல."

மிச்ச வட்டம்

வெட்டுன தலை எங்க போயிருக்கும்? எங்க ஊர்ல காகிதத்துல ஒரு துண்டு வீணாப் போகாது. கட்டிங் கழிவ வேஸ்ட் பேப்பர்காரர் அள்ளிட்டுப் போயி, விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தாரு. கிஃப்ட் பாக்ஸுக்குள்ள வெடி ஆடாம இருக்க, சந்துல திணிக்கிறதுக்கு. வெள்ளிக்கிழமை காலையில டீச்சரும் நானும் அங்க போயி நின்னோம். பேக்கிங் ஷெட்டுல இருபது பொம்பளைக, பக்கத்துல ஒட்டித் தயாரா எழுபது எண்பது பெட்டி. போர்மேன் வடக்க போற ஆர்டர்னு குதிச்சாரு. நாலு மணிக்கு லோடு ஏறணுமாம். டீச்சர் தன் விசயத்தச் சொன்னதும், சுப்புத்தாய்ங்கிற அக்கா பசைக் கையத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சு, "பிரிங்கடி, நாம ஒட்டுனதுதானே, திரும்ப ஒட்டுவோம்"னாக. போர்மேன் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே ஒதுங்கிக்கிட்டாரு.

நகல் கொடுத்த ஆபீஸ்ல ஒவ்வொரு தாள் தலையிலயும் ஊதா மையில வட்ட முத்திரை குத்தியிருந்தாக. என் வெட்டுல பாதி வட்டம் துண்டோட போச்சு, பாதி தாள்ல நின்னுச்சு. கையால குத்துனது, ஒண்ணு போல ஒண்ணு விழுந்திருக்காது. எந்தத் துண்டுல இருக்கிற பாதி சரியாப் பொருந்துதோ, அதுதான் டீச்சர் தாளோட தலை. டீச்சர் பேரு இருந்த தாள எல்லாருக்கும் காட்டுனேன். பெட்டி பெட்டியாக் கொட்டுனோம். ஒருத்தி கைக்கு வந்ததெல்லாம் 'எதிரிகள் பட்டியல்'. "இதப் பாத்துட்டு வடக்க வெடி வாங்குறவன் பயந்துர மாட்டானா?"ன்னா. டீச்சர் கூடச் சிரிச்சுட்டாக. மத்தியானச் சோறு யாரும் திங்கல. மூணு மணிக்கு மூலையில இருந்த ஒரு அம்மா ஒத்தைத் துண்டோட வந்து, தாளுக்கு மேல வச்சாக. முத்திரை முழு வட்டமாச்சு. 'சாட்சிகள் பட்டியல்'னு இருந்துச்சு. எப்படித்தாயி கண்டுபிடிச்சீகன்னு கேட்டேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுய்யா. மத்தவளுக எல்லாம் படிச்சுக்கிட்டு இருந்தாளுக, நான் வட்டத்த மட்டும் பாத்தேன்."

கட்டைவிரல்

சனிக்கிழமை கமிட்டியில வக்கீல் சட்டப் பிரிவெல்லாம் எடுத்து விட்டாரு. தாளாளர் காதுலயே வாங்கல. இப்படி ரெண்டு துண்டுத் தாள எவன் வேணா தயார் பண்ணலாமேன்னு கமிட்டியில ஒருத்தர் முனங்குனாரு. டீச்சர் முந்தானைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாக.

ஆனா அந்தத் தாளாளர் பள்ளிக்கூடம் மட்டுமா நடத்துறாரு? சிவகாசியில ரெண்டு அச்சாபீஸ் வச்சிருக்கவரு. துண்ட வாங்கி, தாளோட சேத்து, வெட்டுன ஓரத்துல கட்டைவிரலால நீவுனாரு. ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சாரு. கத்தியில ஒரு பொடிப் பல்லு போயிருந்தா ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல கீறல் விழும், பாத்தீகளான்னு கமிட்டிக்குக் காட்டுனாரு. ஊதா வட்டத்தையும் காட்டுனாரு. "ஒரே தாள்தான். டீச்சரம்மா, தப்பு எங்க பேர்ல. பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு வந்துருங்க"ன்னாரு. டீச்சர் அங்கனயே உக்காந்து அழுதுட்டாக. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்பத்தான் தாளாளர் குரல ஒசத்துனாரு. "வெட்டு சுத்தமா இருக்கு. ஆனா தலைப்போட சேத்து வெட்டுன கூமுட்டை யாருய்யா?" நாந்தேன்னு கையத் தூக்குனேன்.

வெளிய வந்ததும் டீச்சர் கண்ணத் துடைச்சுக்கிட்டு, அந்தத் தாள லேமினேஷன் பண்ணி வீட்டுல மாட்டணும்னாக. வக்கீல் சரின்னாரு. எனக்குப் பாவத்தக் கழுவ ஒரு வழி கெடச்சதேன்னு, கொடுங்க, நானே நம்ம பிரஸ்ல பண்ணித் தரேன்னு கைய நீட்டுனேன். தாள வெடுக்குன்னு பைக்குள்ள வச்சுட்டாக.

"வேணாம்ணே, நீங்க ஓரம் வெட்டுவீக!"

அன்னைக்கு மெரண்டதுல, எம் மக கல்யாணப் பத்திரிகை கூட ஓரம் பிசிறாத்தான் அச்சாயி வந்துச்சு, வெட்டச் சொன்னவுக கிட்டயெல்லாம் எவுக பொழப்பு அந்த ஓரத்துல ஒட்டியிருக்கோன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன்.