பெட்டிக்குக் குரல் வந்த வெள்ளிக்கிழமை

ரொறன்ரோவிலிருந்து என் தங்கை அந்தப் பெட்டியை அனுப்பியபோது மகளுக்கு ஏழு வயது. ஓட்டிசம் என்று டொக்டர் சொல்லி மூன்று வருடமாகியிருந்தது. அதுவரை அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பெட்டியில் எட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை ஒட்டி, அதற்குரிய வசனத்தை நாங்களே பேசிப் பதிய வேண்டும். பிள்ளை படத்தை அழுத்தினால் பெட்டி அதைச் சொல்லும். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நாங்கள் பேசிய சத்தம்தான் திரும்பி வரும்.

அதை வகுப்புக்குள் அனுமதிக்கச் சொல்லி கொழும்பு பம்பலப்பிட்டியில் இருந்த பள்ளிக்கு நான்கு தடவை நடந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னொரு தாயும் வருவார். அவருடைய மகனும் அதே வகுப்பு, அவனும் பேசாத பிள்ளை. எங்கள் பெட்டி தேறினால் அவனுக்கும் ஒன்று எடுப்பது என்று பேச்சு. அவருக்கு ஊர் ஹட்டன் பக்கம். மெதுவாகப் பேசவே தெரியாது. நானும் கோபக்காரிதான், ஆனால் என் கோபம் உட்கார்ந்து கடிதம் எழுதுகிற கோபம். அவருடையது நேரே பள்ளி அதிபரின் மேசைக்கே போய் நிற்கும். இரண்டும் சேர்ந்ததில் அதிபர் களைத்துப்போனார்.

"ஒரு கிழமை தாறன். வெள்ளிக்கிழமைக்குள்ள பிள்ளை அந்தப் பெட்டியால ரீச்சரிட்ட ஒண்டாவது கேக்கட்டும். இல்லாட்டி அடுத்த தவணைக்கு வேற இடம் பாருங்கோ" என்றார்.

வேறு இடம் என்று ஒன்று இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு இடம் என்றால் வீடுதான்.

திங்கட்கிழமை காலை வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுத்திக் காட்டச் சொன்னார். என் கணவர் அழுத்தினார். ஆமிக்காரர் பெட்டியைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, சரி போங்கள் என்று கை காட்டினார். அவர் ஏன் காதோடு வைத்தார் என்பது படித்த எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

திங்கள் போனது, செவ்வாய் போனது. பிள்ளை அழுத்துகிறாள், பெட்டி ஒன்றும் சொல்வதில்லை என்று ரீச்சர் சொன்னார். கணவர் பற்றரியை மாற்றினார். வீட்டில் அழுத்தினால் ஒழுங்காகப் பேசியது. புதன்கிழமை மகள் தன் கையையே கடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் காயத்துக்கு மருந்து போடும்போது ரீச்சரையும் அதிபரையும் மனதுக்குள் வாயில் வந்தபடி திட்டினேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் வாசலில் கொட்டாஞ்சேனைத் தாய் பெட்டியை வாங்கி ஒரு கட்டத்தை அழுத்தினார். குனிந்து காது கொடுத்தார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் ஏன் திருட வந்தவங்க மாதிரி பேசி வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் ரோட்டுப் பக்க ஜன்னல் திறந்திருந்தால் தமிழ் தானாகவே தணிந்துவிடும். ஒருவரும் சட்டம் போடவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில், வெளியே தமிழ் கேட்டால் சந்தேகம் வரும் என்று அப்படிப் பழகிப்போனோம். பஸ்ஸில் என் கணவர் தமிழே பேசமாட்டார். இறங்கும் இடம் வந்தால் என் முழங்கையைத் தட்டுவார், அவ்வளவுதான். ஜன்னலோரத்துச் சாப்பாட்டு மேசையில் அதே குரலில்தான் எட்டு வசனங்களையும் பதிந்திருந்தோம். நாற்பது பிள்ளைகள் இரைகிற வகுப்பில் அது யாருக்குக் கேட்கும்? என் பிள்ளை நான்கு நாட்களாகத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று பின்னேரம் திரும்பப் பதிய உட்கார்ந்தோம். கணவர் மூன்று தரம் முயன்று பார்த்தார். "வருகுதில்லையப்பா, தொண்டைக்குள்ளயே நிக்குது" என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் எழுந்து நின்று, "ரீச்சர், எனக்குத் தண்ணி வேணும்" என்று கத்தினேன். கீழ்வீட்டு அம்மா கையில் அகப்பையோடு மேலே ஓடி வந்து, யார் விழுந்தது என்று கேட்டார். அவரை ஒரு கதிரையில் இருத்திவிட்டு மற்ற ஏழையும் கத்தி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் வகுப்புக்கு வெளியே நின்றோம். மகள் தண்ணீர்க் கோப்பைப் படத்தை அழுத்தினாள். என் குரல் வகுப்பை நிறைத்தது. நாற்பது தலைகளும் திரும்பின. ரீச்சர் கோப்பையை நீட்டினார். மகள் குடித்தாள், கோப்பையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், திரும்ப அழுத்தினாள். திரும்பவும் தண்ணீர் வந்தது. இடைவேளை மணி அடிப்பதற்குள் ஐந்து கோப்பை குடித்துவிட்டாள். அதற்குள் அதிபர் தன் அறையை விட்டே வந்துவிட்டார்.

"கேக்குது, கேக்குது. அங்கால கடல் வரைக்கும் கேக்குது" என்றார். அடுத்த தவணைக்கும் வரட்டும், மற்றப் பெட்டியும் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கொட்டாஞ்சேனைத் தாய் என் முதுகில் ஒன்று போட்டார். நல்ல பலமான அடி.

வீடு திரும்பும் பஸ்ஸில் சனம் நெரிந்தது. கணவரின் மடியில் இருந்த மகள் பையைத் திறந்து பெட்டியை எடுத்தாள். தடுக்கப் போன அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். பயந்துகொண்டுதான் பிடித்தேன். "எனக்குப் பசிக்குது" என்று என் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கொண்டக்டரும் திரும்பினார். மகள் காத்திருந்தாள். பதில் வரவில்லை என்று இன்னொரு தரம் அழுத்தினாள். அந்தக் கிழமை முழுக்க அழுத்தி அழுத்திப் பதில் கிடைக்காத பிள்ளை அவள். மூன்றாம் தரம் விரலைத் தூக்கியபோது கணவர் தொண்டையைச் செருமினார்.

"ஓம் பிள்ளை, வீட்டை போன உடன சாப்பிடுவம்" என்றார், கடைசிச் சீட்டுக்கும் கேட்கும்படி.