செம்புக் கம்பியில் கட்டிய செடிகள்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஜன்னலில் ஆறு ஏர் பிளான்ட் தொங்கவிட்டிருந்தேன். மண்ணே வேண்டாம், வாரம் ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் போதும். பழைய மோட்டார் காயிலிலிருந்து உருவிய செம்புக் கம்பியை உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்து நானே கட்டியிருந்தேன்.

இரண்டே மாதத்தில் ஆறும் அடியில் கறுத்து உதிர்ந்தன. கொல்லையில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பூச்சிமருந்து அடித்துவிட்டு அப்போதுதான் வந்த அண்ணன், "மாலை போட்டு அனுப்புடா" என்று சிரித்தான்.

"நீதான இதுக்கும் மருந்து அடிச்ச?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு."

அறைந்தேன். அதோடு விட்டேனா? தலையைப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதினேன். முன்பல் உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. "உடுடா, அம்மா வந்துக்கினு இருக்கு" என்றான்.

மறுநாள் கம்பியோடு செடிகளை விழுப்புரத்தில் ஒரு நர்சரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அக்கா பார்த்ததுமே, "செம்புலயா கட்டுன தம்பி? இதுக்கு அது வெஷமாச்சே" என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். வீங்கிய உதட்டோடு "சரி, உடு" என்றான். ஒன்றை மட்டும் இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை. அவன் நிஜமாகவே மருந்து அடித்திருந்தால், அந்த அடி நியாயம் என்றே நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.