மாமா எடுத்த அளவு

சைக்கிளில் எஞ்சின் வைக்கப் போகிறேன் என்று மாமா சொன்னபோது வீட்டில் சிரிக்காதது நான் ஒருத்திதான். அம்மாவின் தம்பி அவர். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். ஓடி ஓய்ந்த மொபெட் ஒன்றின் எஞ்சின் எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தது.

எனக்குக் காரணம் தெரியும். எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்து எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர், சொந்த ஊரான ஏரலுக்கே மாற்றல் வாங்கிப் போய்விட்டார். நான் அழுது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தேன். என் அழுகையை நிறுத்தத்தான் மாமா இந்தப் பாடு படுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஏரலுக்குத்தான் பஸ் இருக்கிறதே என்று அம்மா கேட்டதற்கு அவர் காது கேட்காதவர் மாதிரி ஸ்பேனரைத் தேடினார்.

எஞ்சினை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் வம்பு. கேரியரில் தூக்கி வைத்து நாலு போல்ட் போட்டால் வேலை முடிந்தது என்றார் லேத் பட்டறை அண்ணாச்சி. மாமா கேட்கவில்லை.

"கேரியர்ல கை வைக்கப்படாது அண்ணாச்சி. அது ஆளு உக்காருததுக்கு."

அந்த ஆள் நான்தான் என்பதால் நான் நிமிர்ந்து நின்றேன்.

ஆகவே சைக்கிளின் நடுவே, முக்கோணமாக இருக்கும் கம்பிகளுக்குள் எஞ்சினை நுழைக்க வேண்டியதாயிற்று. முதலில் இரும்புப் பட்டையை வெட்டி, பற்றவைத்து ஒரு தாங்கி செய்தார். ஓட்டிப் பார்த்தபோது அவருடைய பல்லெல்லாம் கிடுகிடுத்தது. தெரு முனை திரும்புவதற்குள் பற்று விட்டுப்போய் எஞ்சின் ஒரு பக்கமாகத் தொங்கியது. தெருவே கூடிச் சிரித்தது.

மாமா அசரவில்லை. ஃபைபர் படகில் எஞ்சின் மாட்டும் பலகையில் மிச்சம் விழுந்த கட்டையை எடுத்து வந்தார். சைக்கிள் கம்பி பதிந்து உட்காரும்படி அதில் அரைவட்டமாகக் குடைந்தார். குடைவதும், பொருத்திப் பார்ப்பதும், மறுபடி குடைவதுமாக இருந்தார். லாரி டியூபை வெட்டி இடையில் கொடுத்து, குழாய்க்குப் போடும் வளைந்த போல்ட்டால் இறுக்கினார். கட்டைக்கும் கம்பிக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம்கூட நுழையவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நைலான் கயிற்றால் எஞ்சினைச் சைக்கிளோடு கட்டினார். படகு எஞ்சின் கழன்று கடலில் விழாமலிருக்க அப்படிக் கட்டுவது வழக்கம். ரோட்டில் விழுந்தால் குனிந்து எடுத்துக்கொள்ளலாமே என்று அண்ணாச்சி கேட்டதற்கு, கை சும்மா இருக்க மாட்டேங்குது என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் கேரியருக்கு வந்தார். மெத்தை வைத்தார். இடது பக்கம் பின்சக்கரத்தை மறைத்து மீன்வலை நூலால் ஒரு தடுப்புப் பின்னினார். அதற்குக் கீழே கால் வைக்க ஒரு பலகை மாட்டினார். நான் ஏறி உட்கார்ந்தேன். என் கால் பலகைக்கு எட்டாமல் அந்தரத்தில் ஆடியது.

"எட்டலியே மாமா."

"எட்டும்ளா. அவசரப்படாத."

எங்கள் வீட்டில் யூனிஃபார்ம், செருப்பு எல்லாமே வளர்கிற பிள்ளை என்று பெரிதாகத்தான் வாங்குவார்கள். பலகையும் அந்தக் கணக்குத்தான் என்று சமாதானப்பட்டேன்.

ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து புறப்படுவோம். எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டையைத் தாண்டும்வரை நாய்கள் துரத்தும். ஏரலில் டீச்சர் என்னை உள்ளே கூட்டிப்போய் முறுக்கு தருவார். முன்னறையில் அவருடைய அப்பா பேப்பரை விரித்து வைத்திருப்பார். மாமாவை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை. அவுக ஆளு வேற, நாம வேற என்று அம்மா ஒருமுறை சொன்னது எனக்கு விளங்கவில்லை. மாமா வாசல் கேட் அருகே எஞ்சினைத் துடைத்தபடி நிற்பார்.

ஒருநாள் வழியனுப்ப வந்த டீச்சர், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பலகையில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"உறுதியாத்தான் இருக்கு."

"ஏறிப் பாத்தாதான தெரியும்," என்றார் மாமா. "தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வருவோம்."

டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா பேப்பர் படிச்சிட்டு இருக்காங்க," என்று காலை எடுத்துக்கொண்டார்.

தை மாதத்தில் டீச்சருக்குக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார் என்று சேதி வந்தது. இந்த முறையும் நான் அழுது தீர்த்தேன். மாமா எதுவும் செய்து தரவில்லை.

இப்போது நான் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். சத்தமே இல்லாத வண்டி. ஆனால் அந்தக் கேரியரில் உட்கார்ந்து, மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, காலை ஆட்டியபடி ஒரே ஒரு தடவை ஏரலுக்குப் போய்வர மாட்டோமா என்று ஏக்கமாக இருக்கிறது. மாமா இன்றும் தனிக்கட்டைதான்.

டீச்சர் போன பிறகு அந்தச் சைக்கிள் கொல்லையிலேயே நின்றது. சில வருஷம் கழித்து, பாவாடை தாவணி கட்டத் தொடங்கியிருந்த நாளில், விளையாட்டாக அதில் ஏறி உட்கார்ந்தேன். பாதம் முழுசாகப் பலகையில் பதிந்தது. சந்தோஷம் தாங்காமல் மாமாவைக் கூவி அழைத்தேன். அவர் கிரீஸ் கையோடு வந்தார். என் காலையும் பலகையையும் பார்த்தபடி நின்றார்.

"எட்டிருச்சு," என்றார்.

சுற்றிவரக் கூட்டிப் போவார் என்று காத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் பலகையும் இல்லை, வலையும் இல்லை. எட்டின பிறகு கழற்றிவிட்டாரே என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். வழக்கமாக அதட்டுகிற அம்மா, என் தலையைத் தடவி, விடுளா என்று மட்டும் சொன்னாள்.

கட்டையை நகம் நுழையாமல் குடையத் தெரிந்த மாமாவுக்கு என் கால் அளவை மட்டும் எடுக்கத் தெரியவில்லையே என்று அன்றைக்கு முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன்.