சுகர் இல்லாத நடை

கனகலட்சுமிக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. கல்யாண மண்டபத்து நாற்காலியில் இருந்தாலும் வலது பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். மாமியார் இருந்த வரைக்கும், "காலாட்டாத, வீட்டுக்கு ஆகாது" என்று தொடையில் ஒன்று போடுவார். வலது கால் நிற்கும். இடது கால் ஆரம்பிக்கும்.

பிறந்தது முள்ளிப்பள்ளம். வாய்க்கால் கரையோடு நடந்தே சோழவந்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்து போனவள், பிறகு சோழவந்தானிலேயே வாக்கப்பட்டாள். கணவர் உக்கிரபாண்டிக்கு ஸ்டேஷன் பக்கம் சிமெண்டுக் கடை. அதன்பின் வெளியே போவதெல்லாம் அவர் வண்டியின் பின்னால், ஒருபக்கமாக உட்கார்ந்துதான். அப்படி உட்கார்ந்தால் எதிரே வரும் ரோடு தெரியாது. போகும்போது ரோட்டின் ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம். முன்னால் என்ன வருகிறது என்பதை அவள் பார்த்து வருசக் கணக்காகிவிட்டது.

மகள் பாண்டீஸ்வரி மதுரையில் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு வீடு காலையிலேயே காலியானது. ஒருநாள் பாத்திரம் கழுவி முடித்தாள். துடைத்த மேடையை மறுபடி துடைத்தாள். வாசலுக்கு வந்தாள், உள்ளே போனாள், மறுபடி வந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு நடந்தாள்.

நடப்பதற்கு அந்த ஊரைப் போல லேசான ஊர் கிடையாது. பாலத்தில் வைகையைக் கடந்தால் தென்கரை, அங்கே மேடுபள்ளமில்லாத கண்மாய்க் கரை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல். அது சலித்தால் வாய்க்கால் கரை. தென்னந்தோப்பு நிழலிலேயே போகலாம், வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் வரும்போது காற்றே குளிரும். நடப்பது லேசுதான். நடக்க விடுவதுதான் இல்லை.

"என்னக்கா, அண்ணே வரலையா? ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்." ஒவ்வொரு வண்டியும் நின்றது.

"இல்ல தம்பி, நடந்து போறேன்."

"தூரமா?"

போகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பதால் ஊரில் இப்படித்தான் கேட்பார்கள். அதற்கு அவளிடம் பதில் இல்லை. போய்விட்டுத் திரும்பப் போகிறாள், அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்தாள். பையோடு தனியாக, பதில் சொல்லாமல், வேகமாகப் போகிற பெண்ணை ஊர் என்ன நினைக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த வாரத்திலேயே உக்கிரபாண்டி மத்தியானம் கடையைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் மல்லிகைப் பூவும் அல்வாவுமாக வீட்டுக்கு வந்தார்.

"நான் என்ன செஞ்சேன்?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அதத்தான் கேக்குறேன். மூணு பேரு போன் பண்ணிட்டான். அண்ணே, வீட்ல சண்டையா, மதினி கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போகுதேன்னு. கண்மாய்க் கரையில தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னயாம்."

"நாரையப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"நாரையவா?" அவர் முன்னைவிட அதிகமாகப் பயந்துபோனார்.

வழி காட்டியது பாலத்து முனையில் டீக்கடை போட்டிருக்கும் முருகம்மாள். ஒருநாள் கிளாஸைக் கழுவிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "சுகரா, ஆத்தா?"

கனகலட்சுமி ஒரு நொடி யோசித்தாள். "ஆமாக்கா."

"அதான பாத்தேன்! இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" முருகம்மாள் சீனி போடாமல் டீயை ஆற்றிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து ஊர் வழிவிட்டது. வண்டிகள் நிற்கவில்லை. "நல்லா நடங்கக்கா" என்று குரல் கொடுத்துவிட்டுப் போயின. அதற்கு அவள் கொடுத்த விலையும் சின்னதில்லை. விருந்துகளில் அவள் இலையைப் பாயசம் தாண்டிப் போனது. கேட்காமலே பாகற்காய் வந்தது. இனிப்பென்றால் உயிரை விடுகிறவள், பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டே மோர் குடித்து எழுந்தாள். போகட்டும். காலையில் கால் அதன் இஷ்டத்துக்குப் போனது.

இரண்டு வருசம் இப்படிப் போன பிறகு பாண்டீஸ்வரிக்கு ஆனையூரிலிருந்து வரன் வந்தது. பையன் அருள்பாண்டி. பார்த்துப் பேசியாயிற்று. பாண்டீஸ்வரிக்கும் பிடித்துப்போய், போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பூ வைக்க நாள் குறிக்க வேண்டிய நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பையனுடைய அம்மா முத்துத்தாய் பட்டுச் சேலையில் தனியாக வந்து இறங்கினார். காபியை வாங்கிக் கீழே வைத்தார்.

"மதினி, சுத்தி வளச்சுப் பேசத் தெரியாது. ஒங்களுக்கு சுகராமே? எங்க வீட்டுக்காரருக்கு சுகருல முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு. நாந்தான் தூக்கி ஒக்கார வைக்கிறேன். பொண்ணு தங்கம். ஆனா தாய்க்கு இருந்தா புள்ளைக்கும் வரும்ங்குறாக. அவரு பட்டத எம்மகன் ஒரு தடவ பாத்தாச்சு, அது போதும்."

மாடிப்படியில் பாண்டீஸ்வரியின் கொலுசு சத்தம் நின்றது.

"அய்யய்யோ, இவளுக்கு சுகரே இல்ல!" என்றார் உக்கிரபாண்டி.

"அப்பறம் எதுக்கு நடக்குறாக? ஊரே சொல்லுது."

"அது வந்து, கொலஸ்ட்ராலு…" என்று அவர் இழுத்தார்.

அதற்கும் தலையாட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யும் நாளைக்கு இப்படியே வாசலில் வந்து நிற்கும். "அதுவும் இல்ல மதினி. சும்மாதான் நடக்குறேன்" என்றாள் கனகலட்சுமி. "சும்மான்னா ஊரு ஒத்துக்கல. அதனால சுகருன்னு சொன்னேன்."

முத்துத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லாத நோய இருக்குன்னு யாராவது சொல்லுவாகளா?"

கனகலட்சுமியால் உட்கார முடியவில்லை. "செருப்ப மாட்டுங்க, போயிட்டு வருவோம்."

இரண்டு பேரும் பாலத்தைக் கடந்து கண்மாய்க் கரையில் ஏறினார்கள். முத்துத்தாய் ஒரு கையில் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். "இப்ப எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல மதினி. அந்தா அந்தப் பனமரம் வரைக்கும்."

பின்னால் வந்த வண்டி வேகம் குறைந்தது. கொடிக்கால் வைத்திருக்கும் நல்லகாமன். "என்னக்கா, சாயங்காலமும் நடையா? சுகரு எம்புட்டு இருக்கு?"

"எனக்கு சுகரே கிடையாது தம்பி. பொய் சொன்னேன்."

நல்லகாமன் அவளைப் பார்த்தான். பட்டுச் சேலையைப் பார்த்தான். முகத்தில் ஏதோ விளங்கிவிட்டது. "ஆமாமா! அக்காவுக்கு சுகரே கெடையாது! கல்லு மாதிரி இருக்காக!" என்று முத்துத்தாய்க்குக் கேட்கும்படி கத்திவிட்டு வண்டியை முறுக்கினான்.

முத்துத்தாயின் முகம் இன்னும் இறுகியது. பனைமரம் வந்தது. கனகலட்சுமி அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

"மதினி! மரம் வந்துருச்சு!"

நின்றாள். நின்றதும் பாதம் மண்ணைத் தட்ட ஆரம்பித்தது. முத்துத்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டுச் சேலை மண்ணில் புரள அப்படியே குந்திவிட்டார். "காலக் காட்டுங்க."

"அய்யோ, காலப் போயி…"

"காட்டுங்க."

மரத்தைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். முத்துத்தாய் பாதத்தைத் திருப்பினார். விரலிடுக்குகளை விரித்துப் பார்த்தார். தினமும் ஒரு பாதத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. கீழே கிடந்த பனையோலையில் ஒரு ஈர்க்கை ஒடித்து நுனியால் உள்ளங்காலில் மெல்லக் கீறினார். கனகலட்சுமி கூச்சம் தாங்காமல் சத்தம் போட்டுச் சிரித்துக் காலை உருவிக்கொண்டாள்.

"மரத்துப் போகல. உணர்ச்சி நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்தார் முத்துத்தாய். "அவரும் இப்படித்தான், ஒரு எடத்துல நிக்காத காலு. இப்ப, இல்லாத பாதம் அரிக்குதுங்குறாரு மதினி. எங்குட்டுப் போயிச் சொறிய?"

கனகலட்சுமியின் பாதம் தட்டுவதை நிறுத்தியிருந்தது.

"ரத்தம் டெஸ்டு எடுத்துக் காமிச்சிருங்க" என்றார் முத்துத்தாய். "நான் நம்பிட்டேன். வீட்ல நம்பணும்ல."

டெஸ்டில் ஒன்றும் இல்லை. அடுத்த முகூர்த்தத்தில் பூ வைத்தார்கள். கனகலட்சுமி லட்டை எல்லார் முன்னாலும், இரண்டு கையில் இரண்டாக வைத்துத் தின்றாள். நெஞ்சிலிருந்து ஆனைமலைக் கல்லே இறங்கியது மாதிரி இருந்தது. ஆனால் இனி நடப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை என்பது அன்று படுக்கும்போதுதான் உறைத்தது. விடிந்தால் வண்டிகள் நிற்கும். "தூரமா?" என்பார்கள்.

மறுநாள் காலை பாலத்து முனையில் முருகம்மாள் கிளாஸை நீட்டினாள். கனகலட்சுமி ஒரு வாய் குடித்தாள். சீனி இல்லை.

"அக்கா, எனக்குத்தான் சுகர் இல்லையே. டெஸ்டே எடுத்தாச்சு."

முருகம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "நல்லகாமன் எல்லாம் சொன்னான். பொம்பளப் புள்ளையப் பெத்தவ, மறைக்கத்தான் வேணும். கல்யாணம் முடியுற வரைக்கும் ஊருல ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டோம், நீ நட, ஆத்தா."

கனகலட்சுமி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி பாலத்தில் ஏறியது. ஓட்டியவன் நிற்கவில்லை. "நல்லா நடங்கக்கா" என்று, வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

திறந்த வாயில் மிச்ச டீயைக் கசப்போடு ஊற்றிக்கொண்டு, கிளாஸை வைத்துவிட்டு அவள் கண்மாய்ப் பக்கம் நடந்தாள். பனைமரத்தில் நிற்கவில்லை.