பதினேழாம் எண் குழாய்

அவருக்கு அந்தத் தெருக்களில் 'தண்ணி சார்' என்று பெயர். பெயரைக் கேட்டதும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மனுஷன் காபியைக்கூட அளந்து குடிப்பவர். குடிநீர் வாரியத்தில் சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கிற வேலை. தோளில் ஒரு பை, கையில் ஒரு ஐஸ் பெட்டி, நாளைக்குப் பன்னிரண்டு குழாய்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே பிழை இருந்தால் அதையும் தேடிப் பிடிக்கிற ஆள். முதலில் குழாயின் வாயைத் துணியால் துடைப்பார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தி, கிருமி சாக அந்த வாயைச் சுற்றிலும் சுடுவார். 'குழாய்க்குச் சூடு போடுறாங்க' என்று ஒரு வீட்டுக் குழந்தை அழுதே விட்டது. அப்புறம் இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, கொதிநீரில் சுத்தம் செய்த கண்ணாடிப் புட்டியில் பிடிப்பார். சின்னக் குழல் ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மாத்திரை போடுவார். இளஞ்சிவப்பு வந்தால் குளோரின் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். நேரம், தேதி, குழாய் எண் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

இத்தனை வருஷத்தில் கெட்ட மாதிரி என்று வந்தது இரண்டே தடவை. இரண்டும் சாலை தோண்டியவர்கள் குழாயை உடைத்ததால் வந்த வினை, இரண்டும் அன்றைக்கே சரிசெய்யப்பட்டன. ஆகவே இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நல்ல தண்ணீர். இந்தக் கதையில் கெட்டுப்போனது வேறு. அது தெரிய வர ஆறு வருஷம் ஆயிற்று.

பதினேழாம் எண் குழாய் ஒரு தையல்காரம்மாவின் வீட்டில் இருந்தது. முன்னறையில் தையல் மிஷின், பின்னால் சமையலறை, தெருக் குழாயிலிருந்து தொட்டி எதுவும் இல்லாமல் நேராக வருகிற தண்ணீர். மாதிரி எடுக்க அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. எல்லோரும் அந்த அம்மாவை டைலரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இவரும் அப்படித்தான்.

முதல் தடவை இவர் போனபோது டைலரக்கா கேன் தண்ணீரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்துகொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகள் மஞ்சள் காமாலையில் கிடந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடிய விடிய மிஷின் மிதித்த பணம் கேனாக வந்து கேனாகப் போய்க்கொண்டிருந்தது.

"நீங்களே சொல்லுங்க சார். இந்தக் குழாய்த் தண்ணியைக் குடிக்கலாமா, வேண்டாமா?"

"தாராளமா குடிக்கலாம்க்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உங்க வீட்ல என்ன குடிக்கிறீங்க?"

இங்கேதான் அவர் ஒரு நொடியாவது தடுமாறியிருக்க வேண்டும். தடுமாறவில்லை. வாய் கூசாமல் சொன்னார்: "இதேதான். என் பொண்ணுக்கும் இதையேதான் கொடுக்கிறேன்."

டைலரக்கா கேனைக் கீழே வைத்தாள். "அது போதும் சார்," என்றாள். அடுத்த வாரம் போனபோது கேன் இருந்த மூலையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது.

அன்றிலிருந்து வாராவாரம் மாதிரி எடுத்து முடித்ததும் அதே குழாயில் ஒரு டம்ளர் பிடித்து அவரிடம் நீட்டுவாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அவளுக்கு அதில் ஒரு நிம்மதி. ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் எல்லாம், "தண்ணி சார் பொண்ணே இதைத்தான் குடிக்குதாம், நமக்கென்ன வந்துச்சு?" என்று சொல்லிச் சொல்லி, பாதித் தெரு கேன் வாங்குவதை நிறுத்திவிட்டது. அலுவலகக் கூட்டத்தில் அதிகாரி இதைக் குறிப்பிட்டு, "அந்தத் தெருவில என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். இவர் எழுந்து நின்று அசடு வழிந்தார்.

இனி அவர் வீட்டுச் சங்கதிக்கு வருவோம். மூன்றாவது மாடி. கூடத்து மூலையில் ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் நீல நிறத்தில் இருபது லிட்டர் கேன். வாசலில் காலி கேன் இரண்டு.

அது எப்படி வந்தது என்றால், ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்த குழந்தையை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று மனைவி அடுப்படியில் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, குழாய்த் தண்ணியே காய்ச்சட்டுமா?" சாதாரணக் கேள்வி. கேட்கப்பட்ட ஆளோ தண்ணீருக்குச் சான்றிதழ் எழுதுகிறவர். 'குடிக்க உகந்தது' என்று அன்று மாலைகூடப் பன்னிரண்டு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் உள்ளே துணியில் சுற்றிக் கிடந்த அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. "எதுக்கும் ஒரு கேன் சொல்லிடறேன்," என்றார்.

அந்த 'எதுக்கும்' அப்புறம் வீட்டை விட்டுப் போகவே இல்லை. குழந்தைக்குப் பல் முளைத்தது, விழுந்தது, மறுபடி முளைத்தது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. கேன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. சக ஊழியர் யாராவது வீட்டுக்கு வந்து கேனைப் பார்த்துச் சிரித்தால், "வீட்ல அவங்க பயப்படறாங்க, என்ன பண்றது?" என்று பழியைத் தூக்கி மனைவி தலையில் கட்டிவிடுவார். ஒருமுறை அவர் போனில் இப்படிச் சொன்னது மனைவி காதில் விழுந்துவிட்டது. "நான் எப்பங்க பயந்தேன்?" என்று கேட்டாள். இவர் காதில் விழாத மாதிரி பேப்பரைப் புரட்டினார்.

மகளுக்கு எட்டு வயதானபோது பள்ளி நாடகத்தில் இளவரசி வேஷம் கிடைத்தது. கவுன் தைக்க வேண்டும். இவருக்குத் தெரிந்த தையல்காரி ஒருத்திதான். பழைய கவுனை அளவுக்குக் கொண்டு போய்க் கொடுத்தார். தைத்து முடித்ததும் டைலரக்கா, "தோள் சரியா உட்காருதான்னு போட்டுப் பார்த்தாத்தான் தெரியும் சார். ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்த்துடறேன். பாப்பாவையும் பார்த்த மாதிரி இருக்கும்," என்றாள்.

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? நம்ம பாப்பா."

சனிக்கிழமை முழுவதும் அவருக்கு அந்தக் கேன்தான் கண்ணில் நின்றது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடலாமா? பால்கனிக்குத் தள்ளிவிடலாமா? மனைவியிடம் என்ன சொல்வது? கடைசியில், பத்து மணிக்கு வருவதாகத்தானே சொல்லியிருக்கிறாள், ஒன்பதரைக்கு எப்படியாவது பின்னறைக்கு நகர்த்திவிடுவது என்று முடிவு செய்தார். ஊருக்கே புத்தி சொல்கிற உத்தியோகஸ்தர், தன் வீட்டுத் தண்ணீரை ஒளித்து வைக்க நேரம் குறித்துக்கொண்டிருந்தார்.

டைலரக்கா ஒன்பதுக்கே வந்துவிட்டாள். இவர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனைவி கேனின் கீழே டம்ளரைப் பிடித்திருந்தாள். கேனுக்குள் குபுக்கென்று ஒரு குமிழி எழுந்தது.

"குடிங்கக்கா," என்றாள் மனைவி, உபசாரமாக. "பயப்படாம குடிங்க, கேன் தண்ணிதான். நாங்க குழாய்த் தண்ணி குடிக்கிறதே இல்ல."

டைலரக்கா டம்ளரை வாங்கினாள். கேனைப் பார்த்தாள். வாசலில் இருந்த காலி கேன்களைப் பார்த்தாள். அப்புறம்தான் இவரைப் பார்த்தாள். அதிலும் ஒரு கணத்துக்கு மேல் பார்க்கவில்லை. இவர் முகத்தில் ஈயாடவில்லை. துண்டைத் தலையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார், எடுத்தால் முகம் முழுதும் தெரியுமே என்று.

அவள் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தாள். "நல்லா இருக்கும்மா," என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். மகள் கவுனைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். டைலரக்கா குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டு தோளில் இரண்டு இடத்தில் குத்தி, அங்கேயே உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுத்தாள். ஆடிய களைப்பில் மகள் ஓடிப்போய்க் கேனைத் திறந்து ஒரு டம்ளர் குடித்தாள். அதையும் டைலரக்கா பார்த்தாள். போகும்போது, "வரேன் சார்," என்றாள். எப்போதும் போலத்தான் சொன்னாள்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பதினேழாம் எண்ணை வேறு ஆளிடம் மாற்றிக்கொடுக்கலாமா என்று யோசித்தார். அதற்குக் காரணம் என்ன சொல்வது? மனசுக்குள் ஒரு சப்பைக்கட்டு தயாரானது. 'எங்க வீட்டுக்கு மாடித் தொட்டியிலிருந்து வர்ற தண்ணிக்கா, அதை நம்ப முடியாது.' கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தொட்டியை வருஷத்துக்கு இரண்டு முறை ஆள் வைத்துக் கழுவி, மாதிரி எடுத்து, 'உகந்தது' என்று கையெழுத்துப் போடுகிறவரே இவர்தான். இருந்தாலும் அதையே சொல்வது என்று வியாழக்கிழமை கிளம்பினார்.

"வாங்க சார்," என்றாள் டைலரக்கா. மிஷினை நிறுத்தவில்லை. இவர் உள்ளே போய்த் துடைத்தார், சுட்டார், ஓடவிட்டார், பிடித்தார். மாத்திரை இளஞ்சிவப்பாகக் கரைந்தது. பெட்டியை மூடித் திரும்பியபோது அவள் பின்னால் நின்றாள். கையில் டம்ளர் இல்லை. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில், மூடி உடைக்காதது.

"இதைக் குடிங்க சார்."

அவள் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று அவர் தேடினார். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நாலு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொண்டு போயிருக்கலாம். இல்லை.

"எதுக்குக்கா இது?"

"உங்களுக்குப் பழக்கம் இதுதானே சார். தெரியாம இத்தனை வருஷமா குழாய்த் தண்ணியைப் பிடிச்சுப் பிடிச்சு நீட்டியிருக்கேன். நீங்களும் என் மனசு நோகக்கூடாதுன்னு குடிச்சிருக்கீங்க. நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு."

வெட்கப்பட வேண்டியவர் நிற்க, அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். மாடித் தொட்டிக் கதை தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"நீங்க என்னக்கா குடிக்கிறீங்க?"

"நாங்களா? குழாய்தான். எங்க உடம்புக்கு இதுவே போதும் சார், பழகிடுச்சு. பாப்பா உடம்பு வேற இல்லையா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, தண்ணி நல்ல தண்ணிக்கா. சத்தியமா நல்ல தண்ணி. நான்தான் அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தண்ணி நல்லதுன்னா அப்புறம் எதுக்கு சார் பொய்?"

அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், குடிக்கலாமா வேண்டாமா என்று கேட்டாளே, அதே குரல். இவர் விறுவிறுவென்று போய் மேடையில் கவிழ்ந்திருந்த டம்ளரை எடுத்துக் குழாயைத் திறந்தார். ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று பிடித்து அதையும் குடித்தார். மூன்றாவது பிடித்தபோது டைலரக்கா குழாயை மூடினாள்.

"போதும் சார். எனக்காகக் குடிக்காதீங்க."

பாட்டிலை அவர் பையில் வைத்தாள். "பாப்பாவுக்குக் கொடுங்க," என்று சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயந்திரம் மாடிப்படி ஏறும்போதே அவர் தீர்மானம் செய்துகொண்டார். இன்றோடு சரி. கேன்காரருக்குப் போன் போட்டு இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவது. அந்த அக்கா வீட்டுக்கு மகளையே கூட்டிக்கொண்டு போய், அவள் கண்ணெதிரே அந்தக் குழாயில் பிடித்துக் கொடுப்பது. அதற்கு முன் இங்கே தொடங்க வேண்டும். சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறைக்குப் போனார். தன் வீட்டுக் குழாய்க்கும் அதே மரியாதை செய்தார். துடைத்து, ஓடவிட்டு, குழலில் பிடித்து, மாத்திரை போட்டார். அழகான இளஞ்சிவப்பு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு டம்ளர் நிறையப் பிடித்தார்.

மகள் ஒத்திகை முடிந்து கவுனோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. "அப்பா, தண்ணி!"

அவர் கையில் டம்ளர் இருந்தது. அவள் கையை நீட்டினாள். டைலரக்கா ஒரு வார்த்தையை நம்பித் தன் மகளுக்குக் கொடுத்த அதே தண்ணீர். நல்லது என்று அவர் அளவுக்கு அறிந்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை. நீட்ட வேண்டியது ஒரு சாண் தூரம்.

கை நீளவில்லை. 'எதுக்கும்' என்றது உள்ளே ஒன்று.

அவர் அந்த டம்ளரைத் தானே குடித்தார். பிறகு பையிலிருந்து டைலரக்கா கொடுத்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி உடைத்து மகளிடம் கொடுத்தார். அவள் பாதிக்கு மேல் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ மட்டும் ஏம்ப்பா குழாய்த் தண்ணி குடிச்ச?"

"எனக்குப் பழகிடுச்சும்மா," என்றார். சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது. மகள் பக்கம் திரும்பாமல், சுத்தமாக இருந்த டம்ளரை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.